வேறு நிறச் சட்டை

சந்திரகாந்தா தன் இலையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து இலையைப் பார்ப்பாள். கல்யாண வீடோ, கோயில் அன்னதானமோ, சம்மணமிட்டு உட்கார்ந்ததும் கண் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு சுற்றுப் போய்வரும். மற்றவர்களுக்கு முழு வடையும் தனக்கு விளிம்பு உடைந்த வடையும் விழுந்துவிட்டால், பரிமாறுகிறவன் அடுத்த ஆளிடம் நகர்வதற்குள் கேள்வி வந்துவிடும்.

"நமக்கு மட்டும் என்னா வேற?"

குரலில் கோபம் இருக்காது. கத்தரிக்காய் விலை கேட்பது போலத்தான் கேட்பாள். ஆனால் பந்தி முழுக்கக் கேட்கும்.

பலாபத்வல கடைத்தெருவில் இந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இல்லை. பேக்கரியில் பாண் ரொட்டி வாங்கினால் இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பாள். முன்னால் நின்ற டீச்சருக்கு இன்றைய பாணும் தனக்கு நேற்றைய பாணுமா என்று அறியவேண்டும். பேக்கரி மக்கீன் நானா இப்போதெல்லாம் அவள் தலை தெரிந்ததுமே அடுக்கின் உள்ளே கைவிட்டுச் சூடானதைத் தேடி எடுத்துவிடுகிறார். "இந்தாங்க தங்கச்சி, எல்லாருக்கும் குடுக்கிறதுதான்" என்று சொல்லியே கொடுப்பார். அப்படியும் அவள் அமுக்கிப் பார்க்கத் தவறியதில்லை.

வம்புக்காரி என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. அவள் யாரிடமும் கூடுதலாக எதுவும் கேட்டதில்லை. கூடுதலாகக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். எல்லோருக்கும் உள்ளது தனக்கும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு மனுஷி இத்தனை பேரைச் சங்கடப்படுத்த வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பாள்.

ஏ9 வீதியோரம் வரிசையாக இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் ஒன்றில் அவளுக்கு வேலை. முன்பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு, எண்ணெயும் களிம்பும் மூலிகைத் தேநீரும் அங்கே. பின்பக்கத் தகரக் கொட்டிலில் சந்திரகாந்தாவும் கமலாட்சியும் இன்னும் சில பெண்களும் சாக்கை விரித்துக் கராம்பும் மிளகும் சாதிக்காயும் தரம் பிரிப்பார்கள். தலை உதிர்ந்த கராம்பு ஒரு பெட்டி, தலையோடு இருப்பது ஒரு பெட்டி. அவள் விரல் பார்க்காமலே பிரிக்கும். அவள் ஏறினால் பஸ்ஸுக்கே கராம்பு வாசம் வரும். கொண்டக்டர் மிச்சக் காசை அவள் கையில் வைக்காமல் மடியில் போட்டுவிட்டான் என்று, பலாபத்வலயிலிருந்து மாத்தளை வரைக்கும் அவனைச் சிங்களத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே போனவள் அவள்.

"ஒனக்கு ஒடம்பெல்லாம் கண்ணுடி" என்பாள் கமலாட்சி.

"இருக்கணும். இல்லாட்டி ஓரமா நிக்க வச்சிருவாங்க."

அந்த ஓரத்தை அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது பாடசாலைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணி எல்லாப் பிள்ளைகளுக்கும் தைத்தாகிவிட்டது. சந்திரகாந்தாவின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவள் துணி மட்டும் மடிப்புக் கலையாமல் வீட்டில் கிடந்தது. பூப்போட்ட சட்டையோடு போனவளை வெள்ளை வரிசையின் கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். வெள்ளை முடிந்த இடத்தில் கையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் குழாயைத் திறந்து கழுவினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா, "நீ மட்டும் ஏன்டி தனியா நின்னியாம்?" என்று கேட்டபோது, "அப்புடித்தான்" என்று சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டாள்.

மகள் தினுஷா அம்மாவுக்கு நேர்மாறு. பதினைந்து வயது. வளர்த்தி, நீளமான கை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேச்சுக்குப் பஞ்சம். அப்பா மகேஸ்வரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். ஆகவே தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் அம்மாவும் மகளும்தான். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி கேட்பாள். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்ட அணி ஒன்று தொடங்கினார்கள். மாத்தளை டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் அக்ரம் சேர்தான் விளையாட்டுக்குப் பொறுப்பு. தினுஷாவையும் சேர்த்தார். தோட்டத்துப் பிள்ளையைச் சேர்த்தாரே என்று சந்திரகாந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டில் முழுக்கச் சொன்னாள். மக்கீன் நானாவிடமும் சொன்னாள். அன்று மட்டும் பாணை அமுக்காமல் வாங்கினாள் என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனாள். போனவள் கண் முன்னால் கண்டது இது. பத்துப் பிள்ளைகள் பளபளவென்று நீலச் சட்டை; முதுகில் இலக்கம். தினுஷா மட்டும் மஞ்சள். அதுவும் வெளுத்துப் போன மஞ்சள், கை முட்டிக்குக் கீழே தொங்குகிற ஆம்பிளைச் சட்டை, இலக்கம் தேய்ந்து போயிருந்தது. பத்துப் பேரும் மைதானத்தின் அந்தக் கோடியில் பந்தோடு ஓடிக்கொண்டிருக்க, அவள் பிள்ளை இந்தக் கோடியில் வலைக்கு முன்னால் தனியாக நின்றாள். யாரும் அவளுக்குப் பந்து கொடுக்கவில்லை. நீலச் சட்டைக்காரிகள் கோல் போட்டுவிட்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கட்டிப்பிடித்தார்கள். தினுஷா இருந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அங்கிருந்து ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்திரகாந்தா அதற்குமேல் பந்தைப் பார்க்கவில்லை, மஞ்சளைத்தான் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட். இலங்கையில் பிறந்த யாருக்குத்தான் அது தெரியாது? விக்கெட்டுக்குப் பின்னால் கையுறை போட்டு நிற்பவனும் மற்றவர்கள் போட்ட சட்டையைத்தான் போடுவான். பக்கத்தில் நிற்பவனோடு பேசிச் சிரிப்பான். விக்கெட் விழுந்தால் முதல் ஆளாக ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பான். அதை வைத்துப் பார்த்தால் இந்த மஞ்சளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். அந்த அர்த்தம் அவளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "எல்லாருக்கும் நீலம். ஒனக்கு மட்டும் ஏன்டி மஞ்சள்?"

"நான் கோல்கீப்பரும்மா. சேர் தந்தாரு."

"பழசா தந்தாரு?"

"அப்புடித்தான்" என்றாள் தினுஷா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிள்ளை மறைக்கிறாள் என்று சந்திரகாந்தாவுக்கு உறுதியாகிவிட்டது. தானும் மறைத்தவள்தானே. இதற்குமேல் பிள்ளையைக் கேட்டு நோகடிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். யாரையும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த மனுஷி, கேட்கவேண்டிய ஒரு நாளில் கேட்காமல் விட்டாள். கடையில் போய் நீலத் துணியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதே நிறம்தானா என்று உறுதி செய்துகொண்டு வாங்கினாள். டெய்லரிடம் கொடுத்து, கழுத்துப் பட்டியிலிருந்து முதுகு இலக்கம் வரைக்கும் மற்றப் பிள்ளைகளுடையது போலவே தைக்கச் சொன்னாள். தினுஷாவுக்கு மூச்சுக் காட்டவில்லை.

சட்டை தைத்துக் கைக்கு வந்த அன்று கோட்ட மட்ட இறுதிப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் வலய மட்டத்துக்குப் போகலாம். என்றாலும் வெற்றிக் கிண்ணம் ஒன்றுதான். சந்திரகாந்தா அரைநாள் லீவு போட்டு, டெய்லரிடம் சட்டையை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் போகக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த மகாராணிக்குத்தான் பந்தே வருவதில்லையே, சும்மா நிற்கிற பிள்ளையிடம் ஒரு சட்டையைக் கொடுத்தால் யார் குடி முழுகிப் போகும் என்று நினைத்தாள்.

நேரே கோல் வலைக்குப் பின்னால் போனாள். வலைக் கண்ணுக்குள் விரலை விட்டுக்கொண்டு கூப்பிட்டாள். "தினுஷா! அடியேய், இங்க பாரு. அதக் கழட்டிட்டு இதப் போட்டுக்க."

தினுஷா திரும்பினாள். அம்மாவையும், அம்மா கையில் விரித்துப் பிடித்திருந்த நீலச் சட்டையையும் பார்த்தாள். அந்த நேரத்தில் பந்து அவள் காதோரம் போய் வலையில் விழுந்து, சந்திரகாந்தாவின் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். நீலச் சட்டைக்காரிகள் நடுவரிடம் ஓடினார்கள். சந்திரகாந்தா கோட்டுக்கு வெளியே, வலைக்குப் பின்னால்தான் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, பந்தைத் தொடவுமில்லை. ஆகவே கோல் கோல்தான் என்று நடுவர் கையைக் காட்டிவிட்டார்.

அக்ரம் சேர் ஓடி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் சந்திரகாந்தா தொடங்கிவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது மடை திறந்தது.

"என் பிள்ளைக்கு மட்டும் என்னா வேற சட்ட? யாரோ போட்டுக் கழிச்ச பழந்துணி. தோட்டத்துப் பிள்ளைன்னா ஓரமா நிக்க வைக்கலாம்னு நெனச்சீங்களா சேர்? எல்லாரும் ஓடுறாங்க, எல்லாரும் வெளையாடுறாங்க, இவ மட்டும் காவக்காரி மாதிரி நிக்கிறா. நீங்களும் படிச்சவருதானே?"

பாடசாலை அதிபர் எழுந்து நின்றார். அக்ரம் சேரின் முகம் வெளிறியது. அவர் தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, அவ கோல்கீப்பர். கோல்கீப்பர் மத்தவங்க போட்ட கலர போடக் கூடாது. போட்டா வெளையாட விட மாட்டாங்க. பதினொரு பேர்ல அவ ஒருத்திதான் கையால பந்த பிடிக்கலாம். அதுக்குத்தான் தூரத்தில இருந்தே தெரியிற மாதிரி வேற கலர். அந்தப் பக்கம் பாருங்க."

பார்த்தாள். அந்தக் கோடியில், எதிர் அணியின் வலைக்கு முன்னால், சிவப்புச் சட்டைக்காரிகளுக்கு அப்பால், ஒரு பிள்ளை பச்சைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தது.

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு சிரிப்பு மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டிய பக்கமெல்லாம் சுற்றி வந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சந்திரகாந்தா நீலச் சட்டையைச் சுருட்டினாள். சின்னதாகச் சுருட்டினால் எல்லாம் சின்னதாகிவிடும் என்பதுபோல் சுருட்டிக்கொண்டே இருந்தாள். தினுஷா அம்மா பக்கம் திரும்பவேயில்லை. மிச்ச ஆட்டத்தை முதுகைக் காட்டிக்கொண்டே ஆடினாள். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள்.

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் வந்தார்கள். லயத்துப் படியேறும்போதுதான் பிள்ளை பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது பழந்துணி இல்லம்மா. அது அக்ரம் சேரோட ஜேர்சி. அவரு மாகாண மட்டத்துக்கு கோல்கீப்பரா போட்டது. வீட்டுல பொட்டில வச்சிருந்ததாம். எனக்குத்தான் எடுத்துக் குடுத்தாரு. எனக்கு அது பெருமையா இருந்திச்சி. நீ எல்லாருக்கும் முன்னால பழந்துணின்னுட்ட."

சந்திரகாந்தாவுக்கு வெட்கம் என்பது புதிதில்லை. ஆனால் இதுவரை பட்டதெல்லாம் மற்றவர்கள் அவளுக்குச் செய்ததால் வந்த வெட்கம். அதற்கு ஒரு வசதி உண்டு. கோபத்தைத் தொட்டுக்கொண்டால் உள்ளே இறங்கிவிடும். இது அவளே செய்தது. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. கொட்டிலில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். தலையுள்ள கராம்பும் இல்லாத கராம்பும் ஒரே பெட்டியில் விழ, கமலாட்சி பேசாமல் எடுத்து மாற்றிப் போட்டாள். மக்கீன் நானா ஒருநாள் மறந்துபோய் நேற்றைய பாணைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சுகமில்லையோ என்று அவர் கமலாட்சியிடம் விசாரித்தார். அந்த நீலச் சட்டையை அடுப்புத் துணியாக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. தகரப் பெட்டியின் அடியில் திணித்து வைத்தாள்.

தினுஷா பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மஞ்சள் ஜேர்சியைத் துவைத்து, மடித்து, இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். வலய மட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அணியில் வேறு கோல்கீப்பர் இல்லை. பாடசாலை விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிற பிள்ளையின் முதுகைப் பார்க்கப் பார்க்க, சந்திரகாந்தாவுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. மகளை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அக்ரம் சேர் இல்லை.

ஒருநாள் வேலை விட்டு நேரே பாடசாலை மைதானத்துக்குப் போனாள். அக்ரம் சேர் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றாள். பிறகு கிட்டப் போனாள்.

"சேர், நான் பேசினது பெரிய பிழை. மன்னிச்சிக்கங்க."

அவர் கையிலிருந்த விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார். "எனக்கு வலிக்கல்லன்னு சொன்னா அது பொய்யக்கா" என்றார். "அன்டைக்கு வீட்டுக்குப் போய் சாப்பிட முடியல்ல. இந்தப் பிள்ளைய ஓரமா வைக்கிறேன்னு ஒரு ஆள் நெனைக்கிற மாதிரியா நான் நடந்தேன்னு யோசிச்சேன். பொறகு விளங்கினிச்சி, ஒரு பிள்ளைட வீட்டுக்கும் நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. வாங்க, இங்க நில்லுங்க."

இரண்டு கம்பத்துக்கும் நடுவில் அவளை நிறுத்தினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, சேர் சொல்லி வைத்திருப்பார். இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவில் ஒரு லயத்து வீட்டின் முகப்பே அடங்கிவிடும்போல் இருந்தது. ஒருத்தி மெதுவாக ஒரு பந்தை உதைத்தாள். அது சந்திரகாந்தா குனிவதற்குள் போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் போய்விட்டது.

அக்ரம் சேர் விசில் ஊதிப் பிள்ளைகளை அவரவர் இடத்தில் நிறுத்தினார். "இப்ப முன்னால பாருங்க" என்றார். "தூரத்தில நிக்கிற ரெண்டு பேரும் ஃபோர்வர்ட். கோல் போடுறது அவங்கட வேல. நடுவில நாலு பேர். ஏறினாலும் எறங்கினாலும் அவங்கதான் ஓடணும். ஒங்களுக்குக் கிட்ட நாலு பேர் நிக்கிறாங்க, அது பேக். பந்த இங்க வர விடாம மறிக்கிறவங்க. அவங்க ஒங்களுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன் சேர். அன்னைக்கும் பாத்தேன்." அவள் சேலைச் செருகலை இறுக்கினாள். "என் பிள்ளைக்கு எல்லாரும் முதுகக் காட்டுறாங்கன்னு நெனச்சேன்."

"பின்னால தினுஷா நிக்கிறாங்கிற தைரியத்திலதான் காட்டுறாங்க."

சந்திரகாந்தா அந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வழக்கமான சந்திரகாந்தா மெல்ல எட்டிப் பார்த்தாள். கையால் பிடிப்பது எந்தக் கோடு வரைக்கும் என்று கேட்டாள். அதற்கு வெளியே வந்துவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்டாள். காலால் மட்டும்தான், மற்றவர்களைப்போல என்றார் அவர். பாதி ஆட்டத்தில் ஏன் பக்கம் மாறுகிறார்கள் என்று கேட்டாள். வெயிலும் சரிவும் ரெண்டு பக்கத்துக்கும் சமமாக இருக்கவேண்டுமே என்று அவர் சொன்னது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒஃப்சைட் மட்டும் அவளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அது விளங்காமலே கிரவுண்டோரம் நின்று கத்துகிற ஆம்பிளைகள் நிறையப் பேர் இருப்பதால் அதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலையும் இல்லை.

கிளம்பும்போது அக்ரம் சேர் மஞ்சள் ஜேர்சியைக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

வீட்டில் தினுஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சந்திரகாந்தா ஜேர்சியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எட்ட உட்கார்ந்தாள்.

"சேர்கிட்ட போயிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். கோலுக்குள்ள நிக்க வச்சாரு."

தினுஷா திரும்பினாள். "ஒன்னயா?"

"ஆமா. செருப்பக் கழட்டிட்டு நின்னேன். ரெண்டு பந்து போச்சி. அம்புட்டு அகலத்துக்கு நீ ஒருத்தியா எப்புடிடி நிக்கிற?"

பிள்ளையின் உதடு சிரிப்பதற்காகத்தான் அசைந்தது. கண் வேறு வேலை செய்துவிட்டது. வெகு நேரம் ஜேர்சியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"நாளைக்கிப் போறேன். ஆனா மேட்ச்சுக்கு நீ வராதம்மா. நீ வந்தா எல்லாரும் என்னயப் பாக்க மாட்டாங்க, ஒன்னயத்தான் பாப்பாங்க. சிரிப்பாங்க. அப்ப எனக்குப் பந்து தெரியாது."

"சரி" என்றாள் சந்திரகாந்தா. வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை, நமக்கு மட்டும் என்றும் கேட்கவில்லை.

வலய மட்டப் போட்டி மாத்தளை டவுனில். காலையில் சோறு கட்டிக் கொடுத்து, பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள். கொட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "போய்த் தொலையேன்டி, நான் பாத்துக்கிறேன்" என்றாள் கமலாட்சி. அவள் சொல்லி முடிப்பதற்குள் சந்திரகாந்தா வீதியில் நின்றாள்.

சொன்ன சொல்லை மீறுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் திருடிபோலத்தான் மைதானத்துக்குள் நுழைந்தாள். கமலாட்சியின் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். தங்கள் பாடசாலைப் பெற்றோர் இருந்த பக்கம் போகவில்லை. அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்த வேறொரு பாடசாலைத் தாய்மார் கூட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தினுஷா அந்தக் கோடியில் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தாள். பாதி ஆட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள், பிள்ளை இந்தப் பக்கம் வருவாள் என்று கணக்குப் போட்டுத்தான் அங்கே உட்கார்ந்தாள். அப்படியே வந்தாள். வலைக்கு முன்னால் வந்து, இரண்டு கம்பத்தையும் ஒருமுறை தொட்டுவிட்டு, முன்னால் பார்த்து நின்றாள். சந்திரகாந்தா குடையை இன்னும் தாழ்த்தி, கம்பிக்கு அடியால் பார்த்தாள்.

ஆட்டம் கடுமையாக இருந்தது. எதிரணிப் பிள்ளை ஒருத்தி எல்லோரையும் தாண்டித் தனியே பந்தோடு வந்தாள். தினுஷா வலையை விட்டு வெளியே ஓடினாள். பெட்டிக் கோட்டையும் தாண்டி ஓடிவந்து, பந்தைக் காலால் ஓங்கி உதைத்து வெளியே அனுப்பினாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த முக்காடு போட்ட தாய் சொன்னாள். "இந்தப் புள்ள கையால பிடிச்சீக்கலாமே. கையுற போட்டுத்தானே ஈக்கி."

சந்திரகாந்தாவால் இருக்க முடியவில்லை. "இல்லங்க. அந்தக் கோட்டத் தாண்டி வந்துட்டா கை வைக்கக் கூடாது. உள்ளுக்குத்தான் கை. வெளிய வந்தா அவளும் மத்தவங்க மாதிரிதான்."

அந்தத் தாய் திரும்பி மரியாதையோடு பார்த்தாள். "நல்லா வெளங்கி வெச்சீக்கிறீங்க. உங்கட புள்ளயும் வெளயாடுதா?"

குடைக் கம்பு கைக்குள் வழுக்கியது. "இல்லங்க" என்றாள். "சும்மா பாக்க வந்தேன்."

கடைசி நேரத்தில் ஒரு பந்து மேல் மூலையைப் பார்த்துப் பறந்தது. கூட்டம் எழுந்துவிட்டது. தினுஷா பக்கவாட்டில் எழும்பினாள். நீட்டிய கையின் விரல் நுனியில் பட்டு, பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் வெளியே போனது. நீலச் சட்டைக்காரிகள் பத்துப் பேரும் திரும்பி, அவளை நோக்கி ஓடி வந்தார்கள். மஞ்சள் அவர்களுக்குள் மறைந்துபோனது.

தாய்மார் எல்லோரும் கை தட்டினார்கள். முக்காடு போட்ட தாய், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே தட்டினாள். "பெத்த உம்மா குடுத்து வெச்சவ" என்றாள்.

சந்திரகாந்தா குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அவர்களைப்போலவே தட்டினாள். அவர்கள் நிறுத்தியபோது தானும் நிறுத்தினாள்.